இடது பாதி அக்காவுக்கு

“அது எப்படிடி, உன் பக்கம் வெச்சுப் பார்க்கும்போது மட்டும் கண்ணாடி பளபளன்னு இருக்கு, என் பக்கம் திருப்பினா ஒரே கைரேகையா இருக்கு?” என்றாள் பெரியவள்.

“கண்ணாடியக் குத்தம் சொல்லாதக்கா. அது இருக்கிறதத்தான் காட்டும்.”

“ஓஹோ. அப்ப என் பக்கம் அழுக்குங்கிற?”

“நான் எங்க சொன்னேன்? நீயே சொல்லிக்கிற,” என்று சின்னவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டாள்.

களிமண் மேஸ்திரி இருவருக்கும் நடுவில் குந்தியிருந்தார். சிரித்தால் பெரியவள் ஒரு வாரம் பேசமாட்டாள். சிரிக்காவிட்டால் சின்னவள் விடமாட்டாள். எதற்கு வம்பு என்று கையிலிருந்த சுரண்டும் தகட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கண்ணாடிச் சண்டை மூன்று மாதமாக நடக்கிறது. எல்லாம் அந்தக் கூடத்தின் நடுவில் நின்ற காரால் வந்தது. ஓடுகிற கார் இல்லை. இரும்புச் சட்டத்தின்மேல் நுரைக்கட்டையை ஒட்டி, அதன்மேல் சூடாக்கி இளக்கிய பழுப்புக் களிமண்ணை அப்பி, சுரண்டிச் சுரண்டி உருவம் கொடுத்த, நிஜ அளவிலான மாதிரி. சாதாரணச் சம்பளக்காரரும் ஆசைப்பட்டால் வாங்கிவிடக்கூடிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூப்பே. இப்படி ஒன்று வரப்போகிறது என்று கண்காட்சியில் நிறுத்தி எல்லாரையும் வாய் பிளக்க வைப்பதற்கான கான்செப்ட். விலை குறைந்த கார் என்பதால் மாதிரியிலேயே சிக்கனம் தொடங்கிவிட்டது. இரண்டு டிசைனர்களுக்கு இரண்டு மாதிரி செய்யவில்லை. ஒரே மாதிரியின் இடது பாதி ஒருத்திக்கு, வலது பாதி இன்னொருத்திக்கு. கூரை மட்டும் பொது. பானெட்டின் நடுவில் ஆளுயரக் கண்ணாடியை நிமிர்த்தி வைத்தால் பாதி மூக்கு முழு மூக்காகத் தெரியும். கண்ணாடியைத் திருப்பி வைத்தால் அடுத்தவள் கார்.

அந்த இருவரும் ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கை என்பதுதான் கூத்து.

வருகிற புதன்கிழமை ரிவியூ. நிர்வாகத்தார் வந்து ஒரு பாதியைத் தேர்ந்தெடுப்பார்கள். தேறிய பாதியை ஸ்கேன் செய்து, மறுபக்கத்திலும் அதே உருவத்தை இயந்திரம் செதுக்கிவிடும். தோற்ற பாதி தூளாகித் தரையில் கிடக்கும், கூட்டி அள்ளுவார்கள். கண்காட்சியில் காருக்கு முன்னால் ஒரு பலகை வைப்பார்கள். அதில் டிசைனர் பெயர் இருக்கும். ஒரே ஒரு பெயர்.

பெரியவளுக்கு அந்தப் பலகை வேண்டும். அங்கே அவளுக்கு ஒன்பது வருஷ சர்வீஸ். இதுவரை அவள் வரைந்ததெல்லாம் கதவுக் கைப்பிடிகள், பக்கக் கண்ணாடிகள், பெட்ரோல் மூடிகள். சிக்னலில் நிற்கும் காரைக் காட்டி, “அந்த மூடி நான் போட்டது” என்பாள். “எந்த மூடி?” என்பார்கள் கூட இருப்பவர்கள். அதற்குள் பச்சை விழுந்து கார் போய்விடும். முழுக் கார் ஒன்றுகூட அவள் பெயரில் கிடையாது. சின்னவள் வந்து இரண்டே வருஷம். வந்த வேகத்தில் பாதிக் கார். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னவள் பெரியவள். படங்களை அடுக்கிக் கொடுத்தவள் பெரியவள். நேர்முகத்துக்குத் தன்னுடைய நல்ல சட்டையைப் போட்டு அனுப்பியவளும் பெரியவள்தான். தானே கைபிடித்துக் கூட்டிவந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, இப்போது யாரை நோவது?

வயிற்றெரிச்சலுக்கு மூலகாரணம் சின்னவளின் தோள்கோடு. காரின் பக்கவாட்டில், முன்சக்கரத்துக்கு மேலே தொடங்கி, கதவு வழியாகப் பின்விளக்கு வரை ஓடும் மடிப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு காரின் நடை உடை பாவனை எல்லாம் அதில் இருக்கிறது. பெரியவளின் தோள்கோடு இழுத்துக் கட்டிய கம்பி. அளவுகோல் வைத்து மூன்று முறை சரிபார்த்தது. குறை சொல்ல யாராலும் முடியாது. நிறை சொல்லவும் யாரும் வரவில்லை. சின்னவளின் கோடு வேறு ஜாதி. முன்சக்கரத்தின்மேல் துள்ளி எழும். கதவுக்கு நடுவில் காணாமல் போகும். போய்விட்டது என்று நினைக்கும்போது பின்சக்கரத்துக்கு முன்னால் திமிராக எழுந்து வரும். கறுப்பு டேப் சுருளை ஒரு கையில் பிடித்து, மறு கையால் களிமண்ணைத் தடவிக்கொண்டே, தோளில் இடுக்கிய போனில் யாருக்கோ வம்பளந்துகொண்டே ஒட்டுவாள். ஒரே இழுப்பு. அவ்வளவுதான்.

டிசைன் தலைவருக்கு அங்கே ‘ம் சார்’ என்று பெயர். எதைக் காட்டினாலும் “ம்” என்பார். நீளத்தை வைத்துத்தான் மார்க் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவள் பக்கம் நான்கு நிமிஷம் நின்று, இருமல் மாதிரி ஒரு குட்டி ம் போட்டார். சின்னவள் பக்கம் பதினோரு நிமிஷம். கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு ம், லாரி மேட்டில் ஏறுகிற நீளத்துக்கு! பெரியவள் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? ஞாயிற்றுக்கிழமை சின்னவள் போனில் இரண்டு பாதிகளின் படத்தையும் அம்மாவிடம் நீட்டினாள்.

“பெரியது போட்டது நல்லா நேரா இருக்கு,” என்றாள் அம்மா. அடுத்த படத்துக்குப் போனாள். “அடியே, இது என்னடி, நிக்கும்போதே ஓடுது!”

“அம்மா, அது பின்பக்கம்மா. நீ தலைகீழாப் புடிச்சிருக்க,” என்றாள் பெரியவள்.

“தலைகீழாப் புடிச்சாலும் ஓடுதுடி.”

சின்னவள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவள் எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடி கழுவினாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிசைனர் ஒட்டிவிட்டுப் போகும் டேப்தான் மேஸ்திரிக்கு உத்தரவு. வாயால் சொன்னது செல்லாது, காகிதத்தில் வரைந்தது செல்லாது. சாயங்காலம் டேப் எங்கே இருக்கிறதோ, காலையில் தகடு அங்கே இறங்கும். அதனால் அடுத்தவர் டேப்பைத் தொடுவது அடுத்தவர் சட்டைப்பையில் கை விடுவதற்குச் சமம். தெரிந்தால் வேலை போய்விடும். ஒன்பது வருஷத்தில் பெரியவள் அப்படிக் கனவில்கூடச் செய்ததில்லை.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்குச் செய்தாள்.

சின்னவள் பல் டாக்டரைப் பார்க்க நேரத்தோடு கிளம்பியிருந்தாள். போவதற்கு முன் பின்பக்கத்துக்கான கடைசி டேப்பை ஒட்டி, இரண்டடி தள்ளி நின்று, தன் கோட்டுக்குத் தானே ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டுப் போனாள். அந்த முத்தம்தான் பெரியவளைக் கெடுத்தது. மேஸ்திரியும் ஆட்களும் கை கழுவப் போனதும், அவள் வலது பக்கம் வந்தாள். பின்சக்கரத்துக்கு மேலிருந்த டேப்பை உரித்தாள். அளவுகோலை வைத்தாள், கெடுப்பதற்கும் அளவுகோல் வேண்டியிருந்தது அவளுக்கு. சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கீழே புது டேப் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். கோடு அவ்வளவு இறங்கினால் காரின் பின்பக்கம் தொங்கும், அடிவாங்கிய நாய் வாலை இடுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். ரிவியூவில் யார் முத்தம் கொடுக்கிறார்கள், பார்க்கலாம்!

மறுநாள் காலை மேஸ்திரி டேப்பைப் பார்த்தார், வெட்டினார். கூடமெங்கும் சூடான களிமண்ணின் மெல்லிய கந்தக நெடி. பத்து மணிக்குச் சின்னவள் ஆடி அசைந்து வந்தாள். பின்பக்கம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் தன் மேஜையில் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் குனிந்து, கூச்சலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

கூச்சல் வரவில்லை. சின்னவள் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தாள். குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான். பெரியவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு வந்தன சக்கரங்கள்.

கார் வரைகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு வியாதி உண்டு. கையில் பென்சில் எடுத்தால் சக்கரம் இரண்டு சைஸ் பெரிதாகத்தான் வரும். பெரிய சக்கரம் போட்டால் எந்தக் காரும் ஹீரோ. அக்கா தங்கை இரண்டு பேரும் மூன்று மாதமாக இருபது அங்குலச் சக்கரத்தை மாட்டித்தான் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ம் சார் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கியவை பதினாறு அங்குலம்.

“குறைஞ்ச விலை காருக்கு இதுதான் வரும். நாளைக்கு இதோடதான் காட்டறோம்,” என்றார். அவர் வாயிலிருந்து இரண்டு முழு வாக்கியம் வந்ததிலேயே எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

சக்கரங்களை மாற்றினார்கள். சக்கர வளைவுகளில் விழுந்த இடைவெளியைக் களிமண் அப்பி அடைத்தார்கள். எல்லாரும் பத்தடி பின்னால் போய்த் திரும்பினார்கள்.

இடது பக்கம் பெரியவளின் கார். உயரத்தில் ஓடும் அந்தக் கம்பிக் கோட்டுக்குக் கீழே ஒரே சதை. குட்டிச் சக்கரத்தின்மேல் மூட்டையை ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. மேஸ்திரி “அடடா” என்றார். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார்.

வலது பக்கம் போனார்கள். கோடு பன்னிரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்ததால் சக்கரத்துக்கு மேலே சதை இல்லை. அந்தக் குட்டிச் சக்கரம் பெரிதாகத் தெரிந்தது. சற்றுமுன்வரை தொங்கிய பின்பக்கம், பாயப்போகும் மிருகம் பின்னங்காலில் உட்கார்ந்திருப்பதுபோல் பதுங்கி நின்றது.

பெரியவள் மேஸ்திரியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துவந்தாள்.

“மேஸ்திரி, என் பக்கமும் இறக்கிடலாமா? பன்னெண்டு மில்லி போதும்.”

“உன் கோடு மூக்குலேர்ந்து வால் வரைக்கும் ஒரே கோடும்மா. அந்தப் பக்கம் மாதிரி பின்னாடி மட்டும் இறக்க முடியாது. மொத்தப் பக்கத்தையும் வெட்டணும். காலைல பத்து மணிக்கு ரிவியூ. வெள்ளி ஃபிலிம் ஒட்டவே எனக்கு நேரம் பத்தாது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அதுசரி, பன்னெண்டுன்னு எப்படிக் கரெக்டா சொன்ன?”

“கண்ணளவுதான்,” என்றாள் பெரியவள்.

புதன்கிழமை வெள்ளி ஃபிலிம் போர்த்திய கார் நிஜத் தகரம்போல் மின்னியது. நிர்வாகத்தார் மூன்று பேர் இடது பக்கம் மரியாதைக்கு நின்றார்கள். வலது பக்கம் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. ம் சார் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே நடந்து, பின்சக்கரத்துக்கு மேலே நின்றுவிட்டார்.

“சக்கரம் மாத்தப்போறேன்னு உனக்குத் தெரியாது. திங்கட்கிழமையே எப்படி இங்க இறக்கினே?”

 சின்னவளின் கண் ஒரு நொடி அக்கா பக்கம் போய்த் திரும்பியது.

“தோணுச்சு சார்.”

வலது பாதி தேர்வானது. கைதட்டினார்கள். எல்லாரையும்விட நீளமாகத் தட்டியவள் பெரியவள். நிறுத்தினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். தன் கையால் தங்கைக்கு வெற்றி தேடிக் கொடுத்தாகிவிட்டது, அதை வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உள்ளே எதுவோ போகும்.

வியாழக்கிழமை ஃபிலிமை உரித்தார்கள். வெள்ளிக்கிழமை ஸ்கேன். அதற்கு முன் ஜெயித்தவருக்கு ஒரு நாள், கடைசித் திருத்தம் ஏதாவது இருந்தால் செய்துகொள்ள. பலகைக்குப் பெயர் எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஒரு தாளும் வந்திருந்தது.

சாயங்காலம் பெரியவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, வலது பக்கம் சர்ரென்று டேப் இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். சின்னவள் பின்சக்கரத்துக்கு மேலே, பழைய இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மில்லிமீட்டர் மேலே.

“என்னடி பண்ற?”

“பார்த்தா தெரியல? டேப் ஒட்டுறேன்.”

“அங்க ஏன் ஒட்டுற? நேத்து ம் சார் அதத்தானே பாராட்டினாரு!”

“அவர் பாராட்டினது அந்தக் கோட்ட. அது என் கோடு இல்லையே.” சின்னவள் திரும்பவில்லை. “யாருதுன்னு உனக்குத் தெரியும்ல?”

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. “எப்பத் தெரியும் உனக்கு?”

“செவ்வாய்க்கிழமை காலைலயே. மேஸ்திரி உரிச்சுப் போட்ட டேப்பக் குப்பைல பார்த்தேன். நுனில பல்லுத் தடம். இந்தக் கூடத்துல கத்தரிக்கோல் இருக்கும்போதே டேப்பக் கடிச்சுக் கிழிக்கிற ஒரே ஆள் நீதான்.”

“அப்ப ஏன் வாயத் திறக்கல?”

“ரிவியூல திறக்கலாம்னு இருந்தேன். எல்லார் முன்னாடியும். ‘சார், இந்த அசிங்கத்தப் பண்ணது எங்கக்கா’ன்னு. பாத்ரூம் கண்ணாடி முன்னாடி ரெண்டு தரம் சொல்லிக்கூடப் பார்த்துக்கிட்டேன். அதுக்குள்ள அந்தச் சனியன் புடிச்ச சக்கரம் வந்துச்சு. அசிங்கம் அழகாயிடுச்சு. இனிமே என்னன்னு போட்டுக் குடுக்கிறது? ‘எங்கக்கா என் கார நல்லாப் பண்ணிட்டா’ன்னா?”

“ஜெயிச்சது நீதானடி? இதுல உனக்கென்ன வயித்தெரிச்சல்?”

“எனக்கு இருக்கக் கூடாதா? அது உனக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்ததா?” இப்போதுதான் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது. “நான் போடுற கோட்ட மேஸ்திரி தினமும் சத்தமில்லாம ரெண்டு மில்லி, மூணு மில்லி திருத்துறாரு. உன்னுத ஒரு நாள் தொட்டிருப்பாரா? ‘பெரியவங்க போட்டா அளவெடுக்கவே வேண்டாம்’னு என்கிட்டயே சொல்றாரு. கடைசில பார்த்தா, நீ கெடுக்கணும்னு போட்ட கோடுகூட நான் நல்லா வரணும்னு போட்டத விட நல்லா இருக்கு. எப்படிக்கா தூக்கம் வரும்?”

 மூன்று மாதமாகத் தங்கை நிம்மதியாக இருக்கிறாள் என்பதுதான் அவளுடைய பெரிய வயிற்றெரிச்சலாக இருந்தது.

“சரி. ஆனா மேல தூக்கினா கார் கெட்டுடும்டி. இந்தச் சக்கரத்துக்கு நிக்காது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“கெட்டாலும் என்னுதா இருக்கும்ல.”

சொல்லிவிட்டு டேப்பைக் கத்தரித்தாள். காலையில் மேஸ்திரி வருவார், டேப்பைப் பார்ப்பார், வெட்டுவார். அப்புறம் ஸ்கேன். அந்தக் கார் மூட்டையாகவே கண்காட்சிக்குப் போகும், தங்கையின் பெயரோடு. யோசித்துப் பார்த்தால் பெரியவள் திங்கட்கிழமை ஆசைப்பட்டது அச்சு அசல் இதுதான். ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போனால் போதும். கேட்டது தானாகக் கிடைத்துவிடும்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மாடிப்படி ஏறி ம் சாரின் கதவைத் தட்டினாள். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு காரில் தன் கோடு ஒன்று உயிரோடு நிற்கிறது. அதை இன்னொருத்தி, அதுவும் தங்கை, வேண்டுமென்றே வெட்டுவதைப் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

“சார், அந்தப் பின்பக்கக் கோடு நான் போட்டது. கெடுக்கணும்னு போட்டது. அவ டேப்ப உரிச்சுட்டுப் போட்டேன். இப்ப அவ மறுபடி மேல, பழைய இடத்துல ஒட்டிட்டா, காலைல வெட்டிடுவாங்க.”

“அக்கா, வேணாம்!” என்று மூச்சிரைக்கப் படியேறி வந்தாள் சின்னவள். “சார், இவ பொய் சொல்றா. இல்ல சார், நிஜந்தான். ஆனா எனக்கும் தெரியும் சார்!”

ம் சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னவள் கையில் கசங்கியிருந்த பெயர்த் தாளை வாங்கி மேஜைமேல் தேய்த்து நிமிர்த்தினார். “டேப்பத் தொட்டதுக்கு என்ன பண்றதுன்னு அப்புறம் பேசிக்கலாம். இப்ப போய் மேல ஒட்டினத உரிச்சுடு. கோடு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். பலகைல ரெண்டு பேருக்கு இடமில்ல. யார் பேருன்னு நீங்களே முடிவு பண்ணி எழுதிக் குடுங்க.”

டேப்பை உரித்துவிட்டு, இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். நடுவில் தாள், ஒரு பேனா.

“நாலு மீட்டர் காரு. நாலு மீட்டரும் நான் போட்டது,” என்றாள் சின்னவள்.

“அந்தப் பன்னெண்டு மில்லி இல்லன்னா உன் நாலு மீட்டரும் நாளைக்குத் தரையில தூளாக் கிடக்கும்.”

“நீ கெடுக்கத்தானே போட்ட!”

“நீ அதத் தெரிஞ்சே ‘தோணுச்சு சார்’னு சொல்லல?”

“பேனாவக் குடு.”

“நீ முதல்ல கைய எடு.”

கீழே மேஸ்திரி கூடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். மேலே சண்டை முடிகிற வழியாகத் தெரியவில்லை. தாள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்களேன், சட்டென்று யோசிக்காமல் சொல்லுங்கள்: அந்தப் பலகையில் யார் பெயரை எழுதுவீர்கள்?